ஆர்கானிக் தேயிலை வாங்குமுன்

எங்கள் உணவு ஆலோசனைப் பிரிவுக்கு வருவோரில் பலர் மருந்துச் சீட்டோடு ஏதேனும் ஒரு பொட்டலத்தையும் கொண்டுவருவார்கள். சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு தாயும் மகளும் அழகிய தகரப் பேழை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதனுள் இருந்தது நீலகிரியில் விளைந்த பச்சைத் தேயிலை. மூடியின்மேல் இரண்டு ஆர்கானிக் முத்திரைகள். தாய்க்கு இரத்தசோகை. மூன்று மாதங்களாக இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டும் ஹீமோகுளோபின் அளவு ஏறக்காணோம். தாயின் நலம் கருதிய மகள், வீட்டில் வழக்கமாகப் போடும் தூள் தேநீரை நிறுத்திவிட்டு, நான்கு மடங்கு விலை கொடுத்து இந்தத் தேயிலையை வாங்கித் தந்திருந்தார். காலையில் மாத்திரை விழுங்கியதும் ஒரு குவளை, மதிய உணவு முடிந்ததும் ஒரு குவளை, இரவு உணவோடு ஒரு குவளை என்று அந்தத் தாயும் தவறாமல் அருந்திவந்தார்.

தேயிலையில் குறையொன்றும் இல்லை. அருந்திய நேரந்தான் பிழை. தேயிலையிலுள்ள பாலிஃபீனால் என்னும் துவர்ப்புப் பொருள்கள் இரும்புச்சத்தோடு பிணைந்து, குடல் அதனை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. கீரை, பருப்பு, கேழ்வரகு போன்ற தாவர உணவுகளிலுள்ள இரும்பே இதனால் பெரிதும் வீணாகிறது. உணவோடு அருந்தும் ஒரு குவளைக் கடுந்தேநீர் அந்த உறிஞ்சலைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிடக்கூடும். இது செடியின் இயல்பு. எந்த உரமிட்டு வளர்த்தாலும் மாறாது.

“மருந்தடிக்காத இலைதானே தாயீ, அதுவுமா ஆகாது?” என்று அந்தத் தாய் கேட்டார். அன்று வெளியே பலர் காத்திருந்தமையால் சுருக்கமாகவே விடை சொல்ல முடிந்தது. அதே கேள்வியை வெவ்வேறு சொற்களில் வாரந்தோறும் கேட்பதால் இங்கே சற்று விரித்துச் சொல்கிறேன். “ஆர்கானிக்” என்னும் சொல், தோட்டத்தில் என்ன தெளிக்கப்பட்டது என்னும் ஒரு கேள்விக்கே விடை தருகிறது. அந்தத் தேநீர் உங்கள் நோய்க்கும் நீங்கள் உட்கொள்ளும் மருந்துக்கும் ஒத்துவருமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை எந்த முத்திரையிலும் இராது.

முதற் கேள்வியை முதலில் பார்ப்போம். காய்கறியைக் கழுவுகிறோம், அரிசியைக் களைகிறோம், பழத்தைத் தோலுரிக்கிறோம். தேயிலையை எவரும் கழுவுவதில்லை. கிள்ளிய கொழுந்து ஆலைக்குச் சென்று வாடவைக்கப்பட்டு, நசுக்கியோ சுருட்டியோ பதப்படுத்தப்பட்டு, உலர்ந்து, பொட்டலத்தில் அடைபடுகிறது. பறித்த பின் அவ்விலை முதன்முதலாக நீரைக் காண்பது உங்கள் வீட்டு அடுப்பின்மேல்தான். ஆகவே செடியின்மீது என்ன தெளித்தார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வியே.

அதற்காக, சாதாரணத் தேயிலை அருந்துவோர் நஞ்சருந்துகிறார்கள் என்று சிலர் அச்சுறுத்துவதை நான் ஏற்பதில்லை. எண்ணெய்ப் பொருள்களில் கரையும் இயல்புள்ள பூச்சிக்கொல்லிகளில் பெரும்பகுதி நீரில் இறங்காமல் சக்கையிலேயே தங்கி, வடிகட்டியோடு போய்விடும். நீரில் எளிதாகக் கரைபவையே சாற்றில் மிகுதியாக இறங்குகின்றன. எஞ்சியிருக்கும் மருந்துக்கு அரசு வரம்பு விதித்திருக்கிறது. எந்த மருந்தைத் தெளிக்கலாம் என்பதற்குத் தேயிலை வாரியம் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பு ஒன்றை வகுத்திருக்கிறது. இருப்பினும், நாளுக்கு மூன்று நான்கு முறை, வாழ்நாள் முழுதும் அருந்தும் ஒரு பொருளில் எச்சம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்று என்று ஒருவர் கருதினால் அதில் தவறில்லை. இலையையே பொடித்து நீரில் கரைத்துப் பருகும் மாட்சா போன்ற வகைகளுக்கு இக்கருத்து இன்னும் பொருந்தும். அங்கே சக்கையும் வயிற்றுக்குள் போகிறது.

ஆர்கானிக் என்றால் எதையுமே தெளிக்காதது என்று எண்ணிவிட வேண்டாம். நீலகிரியிலும் வால்பாறையிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இளங்கொழுந்தைக் கொப்புள நோய் என்னும் பூஞ்சை தாக்கும். அதற்குத் தாமிர உப்புக் கலவை தெளிப்பது பழைய வழக்கம். அங்கக வேளாண்மை விதிகளும் கட்டுப்பாட்டோடு தாமிரத்தை அனுமதிக்கின்றன. செயற்கைப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, வேதியுரம் ஆகியவற்றையே அவை விலக்குகின்றன. களையைக் கையால் எடுக்க வேண்டும், விளைச்சல் குறையும், விலை கூடும். இவ்வளவு செலவால் முதலில் நன்மை அடைபவர் முதுகில் தெளிப்பானைச் சுமந்து வரிசை வரிசையாக நடக்கும் தோட்டத் தொழிலாளி என்பது என் கருத்து. குவளையை ஏந்தும் நாம் இரண்டாவதாக வருகிறோம். அந்தக் காரணத்துக்காகவே கூடுதல் விலை கொடுப்போர் உளர். அவர்களை நான் மதிக்கிறேன்.

இந்தியாவில் இம்முயற்சி புதிதன்று. டார்ஜிலிங்கின் மகாய்பாரித் தோட்டம் 1988-ஆம் ஆண்டிலேயே ஆர்கானிக் சான்று பெற்றது. நம் நீலகிரியின் உயரமான சரிவுகளில் கோரகுந்தா போன்ற தோட்டங்கள் இம்முறையில் தேயிலை விளைவிக்கின்றன. ஒரு தோட்டம் இன்று வேதிப்பொருளை நிறுத்திவிட்டால் நாளையே சான்று கிடைத்துவிடாது. தேயிலை பல்லாண்டுப் பயிர் ஆதலால், தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின்படி 36 மாத மாற்றுக்காலம் கழிய வேண்டும்.

கடையில் பொட்டலத்தைக் கையில் எடுத்ததும் எதைப் பார்ப்பது? ஆர்கானிக் என்று பொறித்து விற்கப்படும் உணவுப் பொருள்களுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2017-இல் தனி விதிகள் வகுத்தது. ‘ஜைவிக் பாரத்’ முத்திரை இருக்க வேண்டும் என்று அவ்விதிகள் அப்போது கூறின. அதனோடு ‘இந்தியா ஆர்கானிக்’ முத்திரையோ, உழவர் குழுக்கள் ஒருவரையொருவர் ஆய்ந்து சான்றளிக்கும் ‘பி.ஜி.எஸ். இந்தியா’ முத்திரையோ இருக்கும். பின்னதில் ‘பி.ஜி.எஸ். கிரீன்’ என்றிருந்தால் அந்த நிலம் இன்னும் மாற்றுக்காலத்தில் உள்ளது என்று பொருள், ‘பி.ஜி.எஸ். ஆர்கானிக்’ என்றிருப்பதே முழுச்சான்று. சான்றளித்த அமைப்பின் பெயரையும் தேடுங்கள். நம் மாநிலத்திலேயே கோயம்புத்தூரில் தமிழ்நாடு அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை இயங்குகிறது.

ஒன்றில் பலர் ஏமாறுகிறார்கள். பொட்டலத்தின் அடியிலுள்ள 14 இலக்க எண் உணவு உரிம எண்; பிஸ்கட்டுக்கும் ஊறுகாய்க்கும் அதே முறையில்தான் எண் உண்டு. அது ஆர்கானிக் என்பதற்குச் சான்றாகாது. “நேச்சுரல்”, “தூய மலைத் தேயிலை”, “வேதிப்பொருளற்றது” என்ற சொற்களை மட்டும் நம்பியும் விலை கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. சிறிய உற்பத்தியாளர் தம் விளைபொருளை நுகர்வோருக்கு நேரடியாக விற்கும்போது சான்றிலிருந்து விதிகள் விலக்களிக்கின்றன. ஊட்டிக்கோ கோத்தகிரிக்கோ சென்றபோது அறிந்த தோட்டக்காரரிடம் முத்திரையின்றி வாங்கினால், அங்கே உங்கள் நம்பிக்கையே சான்று.

இனித் தரம். ஆர்கானிக் தேயிலையிலும் மட்டமானது உண்டு. சாதாரணத் தேயிலையிலும் மிக உயர்ந்தது உண்டு. பச்சை, கறுப்பு, வெள்ளை, ஊலாங் எல்லாம் ஒரே செடியின் இலைகள். பதப்படுத்தும் முறையே வேறு. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் நம் வழக்கத்துக்குச் சிறு குருணைகளாக வரும் சி.டி.சி. வகை பொருந்தும். முழு இலையைப் பால் சேர்த்துக் கொதிக்கவிட்டால் மணமும் போய்விடும், பணமும் போய்விடும். ‘டஸ்ட்’ என்பது கூட்டிப் பெருக்கிய தூசி என்று எண்ணுவோர் உளர். அது துகளின் பருமனைக் குறிக்கும் வணிகப் பெயர், அவ்வளவே. இலையைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். பழைய சணல் சாக்கின் வாடையோ, புகை வாடையோ, பூஞ்சை நெடியோ இருப்பின் எந்த முத்திரை இருந்தும் பயனில்லை. பொட்டலமிட்ட நாளைப் பாருங்கள். சிறிய அளவாக வாங்கிக் காற்றுப்புகாத கலத்தில், மசாலாப் பொருள்களின் அருகே வைக்காமல் காத்துவாருங்கள்.

சில்லறையில் எடை போட்டுத் தரும் தூளில் சாயம் கலந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் வீட்டிலேயே எளிதாகப் பார்க்கலாம். வடிதாள் அல்லது வெள்ளைத் தாளின்மேல் சிறிது தூளைப் பரப்பி, சில துளி நீர் தெளித்து, பின் தூளை அகற்றிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல தேயிலை தாளில் மங்கிய கறையையே விடும். சாயமேற்றிய தூள் உடனே அடர்ந்த நிறத்தைக் கக்கும். குளிர்ந்த நீரில் போட்டவுடன் செம்மை பாய்ந்தாலும் ஐயுறலாம்.

இனி இரண்டாவது கேள்வி. நோயாளர் குடும்பங்களுக்கு இதுவே முதன்மையானது.

எனக்கு மிகுந்த கவலை தருபவை, தேயிலையே இல்லாத மூலிகைத் தேநீர்கள். ஆர்கானிக் என்ற சொல் இவற்றின்மேல்தான் தாராளமாக விழுகிறது. எடை குறைக்கும் தேநீர், வயிற்றைத் தூய்மையாக்கும் தேநீர் என்ற பெயரில் வருவனவற்றின் பட்டியலைப் படித்தால் பலவற்றில் ‘சென்னா’ என்ற சொல் இருக்கும். அது நம் நிலாவாரை. திருநெல்வேலிச் சீமையில் விளைந்து, ‘டின்னவேலி சென்னா’ என்ற பெயரிலேயே உலகெங்கும் ஏற்றுமதியாவது. மலச்சிக்கலுக்கு அளவாக, சில நாள் கொள்வது வேறு. நாள்தோறும் தேநீராகப் பருகினால் வயிற்றோட்டத்தின் வழியே உடலின் பொட்டாசியம் குறையும். அவ்வாறு இழந்தது நீரே என்பதால் குறைந்ததாகத் தோன்றும் எடையும் நிலைப்பதில்லை. நீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்வோருக்கும், இதயத்துக்காக டிகாக்சின் உட்கொள்வோருக்கும் பொட்டாசியம் குறைவது இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யக்கூடும். அதிமதுரமும் இத்தகையதே. தொண்டைக்கு இதமான அந்த வேரை நாளும் தேநீரிட்டுப் பருகினால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அழுத்த மாத்திரை உட்கொண்டும் எண் குறையவில்லை என்று வருவோரிடம் நான் முதலில் கேட்பது உப்பைப் பற்றி. இரண்டாவதாகக் கேட்பது அதிமதுரத்தைப் பற்றி.

ஆவாரம்பூத் தேநீரைப் பற்றியும் நாள்தோறும் கேட்கிறார்கள். அதனை அருந்துவோர் மருத்துவரிடம் சொல்லிவிட்டு அருந்துங்கள். அதனை நம்பிச் சர்க்கரை நோய் மாத்திரையையோ இன்சுலினையோ தாமாகக் குறைத்துவிடாதீர்கள். நான் கண்ட தொல்லைகள் பெரும்பாலும் பூவால் வந்தவையல்ல, நிறுத்திய மாத்திரையால் வந்தவை. மற்றொன்று: களைக்கொல்லி இல்லாத நிலத்தில் களைகள் மிகுதி. அவற்றுட் சில, கல்லீரலைத் தாக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகளைக் கொண்டவை. அறுவடையின்போது அவை மூலிகையோடு கலந்துவிடக்கூடும் என்று ஜெர்மனியின் அரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2013-இல் எச்சரித்தது. எனவே ஒரே மூலிகையைப் பல மாதம் தொடர்ந்து பருகாமல் மாற்றி மாற்றிப் பருகுவது நலம்.

பச்சைத் தேயிலைக்கு வருவோம். குவளையில் ஊறவைத்துப் பருகும் பச்சைத் தேநீர் பெரும்பாலோருக்குத் தீங்கற்றது. அதன் சாரத்தைச் செறிவாக்கி மாத்திரையாக விற்பது அவ்வாறன்று. அதிலுள்ள ஈ.ஜி.சி.ஜி. என்னும் பொருள் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் உட்சென்றால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தோன்றக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தெரிவித்தது. மல்டிபிள் மைலோமா என்னும் எலும்புமச்சைப் புற்றுக்குப் போர்டிசோமிப் ஊசி பெறுவோர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். ஈ.ஜி.சி.ஜி. அம்மருந்தோடு பிணைந்து அதனைச் செயலிழக்கச் செய்வதாக 2009-இல் வெளியான ஆய்வக ஆய்வு காட்டியது. புற்றுநோய்க்கு நல்லது என்று உறவினர் அன்போடு வாங்கித்தரும் மாத்திரையே சிகிச்சையைக் கெடுக்க இடமுண்டு. அத்தகைய எதனையும் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம்.

வார்ஃபரின் உட்கொள்வோர் பச்சைத் தேநீரைத் திடீரெனப் பெருக்கவும் வேண்டாம், திடீரென நிறுத்தவும் வேண்டாம். இலையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேலையை மாற்றும். இலையையே உட்கொள்ளும் மாட்சாவில் இந்த ஐயம் மிகுதி. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் நீரோடு மட்டும் விழுங்கி, தேநீருக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருங்கள். வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனைக்கு வரும் நாளில் சர்க்கரையில்லாத தேநீரையும் தவிர்த்துவிடுங்கள்.

சிறுநீரக நோயாளரில் நீர் அளவு வரையறுக்கப்பட்டோர், தேநீரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்வோரில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். தேயிலையில் ஆக்சலேட்டு உண்டு. நாளொன்றுக்குப் பதினாறு குவளைக் குளிர்தேநீர் அருந்திவந்த ஒருவருக்குச் சிறுநீரகமே செயலிழந்ததை அமெரிக்க மருத்துவ இதழொன்று 2015-இல் வெளியிட்டது. இரண்டு மூன்று குவளைக்கு அஞ்ச வேண்டாம். கால்சியம் ஆக்சலேட்டுக் கல் உடையவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடையும் ஈர்த்து முற்றிய இலைகளில் சேர்த்துவைக்கும். நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி மக்கள் இளங்கொழுந்துத் தேயிலையை, மென்மையாகத் தயாரித்து, குறைவாக அருந்துவது நல்லது.

கருவுற்ற மகளிர் காபி, தேநீர், கோலா எல்லாவற்றிலுமாகச் சேர்த்து நாளொன்றுக்குக் கஃபீன் 200 மில்லிகிராமைத் தாண்டாதிருக்க வேண்டும். ஒரு குவளைத் தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை இருக்கும்.

எல்லோருக்கும் பொதுவான இரண்டைச் சொல்லிவிடுகிறேன். குவளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை, நாளுக்கு ஐந்து குவளை என்றால் 40 முதல் 50 கிராம் ஆகிறது. உலக நலவாழ்வு அமைப்பு வயது வந்தோருக்கு நாள் முழுவதற்கும் சொல்லும் மேல்வரம்பே ஏறத்தாழ 50 கிராம்; பாதியாகக் குறைப்பது இன்னும் நன்று என்கிறது. நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் இதில் சலுகை கிடையாது. இரண்டாவது, சூடு. 65 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களை அருந்துவது உணவுக்குழாய்ப் புற்றுக்கு வழிகோலக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. “கொதிக்கக் கொதிக்கக் கொடு” என்று கேட்கும் பெரியவர்களுக்கு நான்கைந்து நிமிடம் ஆறவிட்டுக் கொடுங்கள். பச்சைத் தேயிலைக்குக் கொதிநீரே ஆகாது. நீர் கொதித்து இறக்கியபின் சற்று ஆறவிட்டு, இலையை இரண்டு நிமிடம் மட்டும் ஊறவிட்டால் கசப்பு இராது. கசப்பு இல்லையேல் சர்க்கரையும் வேண்டியிராது.

அந்தத் தாய்க்குத் தேநீரை நிறுத்தச் சொல்லவில்லை. உணவுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீர், காபி வேண்டாம் என்பது ஐ.சி.எம்.ஆர்., தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆகியவை 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகளின் அறிவுரை. அதன்படி அவருடைய மூன்று குவளையை முற்பகல் பதினொரு மணிக்கு ஒன்று, மாலை நான்கு மணிக்கு ஒன்று என்று இரண்டாக்கினோம். மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே இரண்டு மணி நேரம். மதியச் சோற்றோடு நெல்லிக்காய்த் துவையல் அல்லது எலுமிச்சைச் சாறு. அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடல் ஏற்கத் துணைசெய்யும். அடுத்த பரிசோதனையில் எண் ஏறத் தொடங்கியிருந்தது. மருத்துவர் இதற்கிடையே மாத்திரையையும் மாற்றியிருந்தார் என்பதால், முழுப் பெருமையும் நேரமாற்றத்துக்கே உரியது என்று நான் சொல்ல மாட்டேன். மகள் அதே தேயிலையை மீண்டும் வாங்கலாமா என்று கேட்டார். தாராளமாக வாங்கலாம் என்றேன்.

உங்கள் வீட்டிலும் புதிதாக ஏதேனும் தேயிலையோ மூலிகைத் தேநீரோ வாங்கியிருந்தால், அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அந்தப் பொட்டலத்தை அப்படியே கொண்டுவாருங்கள். எந்த மாத்திரையை எந்நேரம் உட்கொள்கிறீர்கள், தேநீரை எந்நேரம் அருந்துகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம்.